ராஜாவின் கடைசி வசனம்

என் வீட்டுக்காரர் தெய்வசிகாமணி சாகாத பொங்கலே எங்கள் ஆலைக் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் கிடையாது. வருஷா வருஷம் நாடகம். எந்த நாடகமானாலும் இவர்தான் ராஜா, கடைசியில் நெஞ்சில் அம்பு. அம்பு பாய்ந்த மனுஷன் சட்டென்று சாவாரா? தாய்நாட்டிடம் கொஞ்சம், வாளிடம் கொஞ்சம் என்று பேசித் தீர்த்துவிட்டுத்தான் சாய்வார். சனம் விசிலடித்து “ஒன்ஸ் மோர்” கேட்கும். இவரும் கிரீடத்தைத் தூசி தட்டிக்கொண்டு எழுந்து, முதலிலிருந்து மறுபடி சாவார். பாய் போட்டு இடம் பிடித்த பெண்களுக்கு நடுவில் எனக்கு மானம் போகும். பெருமையாகவும் இருக்கும், பொய் சொல்வானேன்.

அது ஒரு காலம்! ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில்தான் ஒத்திகை பார்ப்பார்கள். ராணிக்கு என் கல்யாணப் புடவை. டீ போட்டுப் போட்டு என் கை ஓய்ந்துவிடும். இப்போது நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு புயல் மழையில், ஷிப்ட் முடிந்து வண்டியில் வந்தவர்மேல் சாலையோர மரம் சாய்ந்தது. கிளை நெஞ்சை அழுத்த, தேங்கிய தண்ணீர் வாய்வரை ஏற, அப்படியே கிடந்திருக்கிறார். பின்னாலேயே வந்த, எங்கள் நாடகங்களை எழுதிப் போடும் நெடுமாறன் அண்ணன்தான் ஆள் சேர்த்து இழுத்துப்போட்டார். பிழைத்தது மறுபிறவி.

அதற்குப் பிறகு நாடகம் என்று யாராவது பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

“உயிர் போற நேரத்துல என்னங்க நெனச்சீங்க?” என்று எத்தனையோ தடவை கேட்டிருப்பேன்.

“ஒண்ணுமில்ல, காபி போடு” என்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கட்டினவளிடம் சொல்ல முடியாத அப்படி என்ன நினைப்பு? பெற்ற தாயையா, சாமியையா, என்னைத் தவிர எல்லோரையுமா? அந்தக் கேள்வி உள்ளே அரித்துக்கொண்டே கிடந்தது.

இந்த வருஷம் ரிட்டயர்மென்ட். பொங்கல் கழிந்தால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். “கடைசியா ஒருக்கா ராஜா வேஷம் கட்டுப்பா” என்று நெடுமாறன் அண்ணன் விடாப்பிடியாக நின்றார்.

“சரி, சாவுற வசனத்த மட்டும் நானே எழுதிக்கிறேன்” என்றார் இவர். ஒத்திகையில்கூட அதைப் பேசிக் காட்டவில்லை.

அன்று மேடையில் அம்பு பாய்ந்தது. சனம் விசிலடிக்கத் தயாராகக் காத்திருந்தது. ராஜா முட்டிபோட்டு உட்கார்ந்தார். வாளைக் கீழே வைத்துவிட்டு வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

“மலரு... மழ வருது. கொடியில துணி கெடக்குது, எடுத்துடு.”

அவ்வளவுதான். சாய்ந்துவிட்டார்.

சனம் கொல்லென்று சிரித்தது. நெடுமாறன் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை; அன்று மரத்தடியில் இதே வார்த்தையைக் கேட்டவர்போல என்னைத் திரும்பிப் பார்த்தார். ராணியின் பெயர் மலர் இல்லை. என் பெயர்தான் மலர்விழி. புயலடித்த அன்று ஆஸ்பத்திரிக்கு ஓடின நான் மறுநாள் வந்து பார்த்தபோது, கொடியில் போட்ட இவர் சட்டை வேலியில் கிழிந்து தொங்கியது. காலமெல்லாம் தாய்நாட்டோடு பேசிச் செத்தவருக்கு நிஜமாகச் சாகக் கிடந்தபோது வாயில் வந்தது இதுதான். இதைச் சொல்லத்தான் கூச்சப்பட்டிருக்கிறார்.

பின்னாலிருந்து பழைய வழக்கப்படி ஒரு குரல்: “ஒன்ஸ் மோர்!” கைதட்டலும் சேர்ந்துகொண்டது. இவரும் பழக்கதோஷத்தில் கையை ஊன்றி எழுந்தார், மறுபடி சாவதற்கு.

நான் பாயைவிட்டு எழுந்து, அத்தனை சனத்துக்கு நடுவில் கத்தினேன்.

“ஒண்ணும் வேணாம்! ஒருக்கா செத்தது போதும். துணியெல்லாம் எடுத்து வச்சிட்டேன், வூட்டுக்கு வாங்க!”

கிரீடத்தைக் கழற்றிக்கொண்டே ராஜா மேடையிலிருந்து இறங்கி வந்தார்.