பெட்ரோலில் நனைத்த லைனிங்

எதிர்வீட்டுத் தையல்காரர் தன் பழைய காருக்கு வாங்கிவந்த பெட்ரோல் குழாயை முதலில் பார்த்தது நான்தான். என் சமையலறை ஜன்னல் அவருடைய ஷெட்டைப் பார்த்து இருப்பது என் குற்றமல்ல.

அவர் மனைவிக்கு நுரையீரலில் ஆபரேஷன் முடிந்திருந்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். "வந்தா நம்ம கார்லதான் வருவேன்" என்று அவள் பிடிவாதம். புகையோ நெடியோ ஆகவே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பு. காரோ, குழாய் விரிசல் விட்டு, நின்ற இடத்திலேயே தெரு முழுக்க மணந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை சும்மா எட்டிப்பார்க்கப் போனேன். புதுக் குழாயை என் கையில் திணித்தார். மேலே பழுப்பு நூலில் நெருக்கமான பின்னல்.

"நெசவைப் பாருங்கக்கா. கடையில அஞ்சாறு ரகம் இருந்துச்சு, இதுதான் கண்ணைப் பறிச்சுது."

தையல்காரர் குழாய் வாங்கப் போனாலும் துணியைத்தானே தடவிப் பார்ப்பார்.

"உள்ள லைனிங் எப்படி?"

"குழாய்க்கு ஏதுக்கா லைனிங்?"

"என் கோட்டு லைனிங்கை நனைச்சுப் பார்த்துத்தான் வெட்டுவேன்னு ஆறு மாசமா இழுக்கறீங்களே தம்பி, இதை நனைச்சீங்களா?"

குத்திக்காட்டத்தான் கேட்டேன். காரைப் பற்றி எனக்கென்ன தெரியும்? ஆனால் அவர் முகம் மாறிவிட்டது. ஒரு விரல் நீளம் வெட்டி, பெட்ரோல் ஊற்றிய கண்ணாடிப் புட்டிக்குள் போட்டு மூடினார்.

புதன் காலை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பின்னல் அப்படியே மினுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே ரப்பர் உப்பி, தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டியது.

அந்தத் துண்டோடு கடைக்கு ஓடினார். கடைக்காரர் சிரித்தாராம். "இப்ப பெட்ரோல்ல ஆல்கஹால் கலக்கறாங்கண்ணே. குடிச்சாலும் நிதானம் தவறாத குழாயா வாங்கணும்."

அப்படி வந்து சேர்ந்தது மொழுக்கென்று ஒரு கறுப்புக் குழாய். அதையும் ஒரு துண்டு ஊறப்போட்டார். வியாழன் மாலை வரை அது அசைந்துகொடுக்கவில்லை. மாட்டிவிட்டு, மனசு கேட்காமல், "மேல ஒரு உறை தைச்சுப் போடட்டுமாக்கா?" என்றார்.

"கசிஞ்சா எப்படித் தெரியும்? கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

வெள்ளிக்கிழமை கார் வந்து நின்றதும் முதலில் மூக்கை நுழைத்தது நான்தான். நெடி துளியும் இல்லை. அவள் மெதுவாக இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வழியெல்லாம் ஒரு இருமல் வரலக்கா. உங்க வாய் நல்லா இருக்கணும்."

இந்தத் தெருவில் என் வாயை யாரும் வாழ்த்தியதில்லை.

"கோட்டு ஞாயித்துக்கிழமை ரெடிக்கா" என்றார் தையல்காரர், அவள் பெட்டியை இறக்கியபடி.

"அவசரமில்ல தம்பி, முதல்ல இவளைக் கவனிங்க" என்றேன்.

சொன்னது என் வாய்தானா என்று எனக்கே சந்தேகம்.