பதினொரு மணிக்குக் கத்தும் சாடிகள்

அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் ஐம்பத்தெட்டு ஆண்டுகளாக ஸ்பிரிட்டில் ஊறிக் கிடந்த பழுப்பு ஓடைத் தவளை ஒன்று, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் கத்தத் தொடங்கியது. சாடியின் மூடி மெழுகு வைத்து அடைக்கப்பட்டிருந்தது. தவளையின் நுரையீரலை யாரோ எப்போதோ ஆராய்ச்சிக்கு எடுத்து, மூன்று அலமாரி தள்ளி வேறொரு சாடியில் போட்டிருந்தார்கள். இருந்தும் அது பன்னிரண்டு மணி வரை கத்திவிட்டுத்தான் ஓய்ந்தது. மறுநாளும் அப்படியே.

அங்கே பதினேழாயிரம் தவளைகளும் தேரைகளும் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டவளை அலுவலகத்தில் எல்லோரும் தவளையக்கா என்றார்கள். ஆவியாகிக் குறையும் ஸ்பிரிட்டை ஊற்றி நிரப்புவது, எந்த ஓடையில், எந்தத் தேதியில், யார் பிடித்தது என்று ஒவ்வொன்றின் காலிலும் கட்டியிருக்கும் சீட்டை அழியாமல் காப்பது, இவைதான் அவள் வேலை. செத்தவற்றோடு இருபது வருடம் குடித்தனம் நடத்தியவள், எளிதில் பயப்படுகிறவள் இல்லை. குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று நினைத்து பிளம்பரை வரவழைத்தாள். அவர் சுவரில் காதை வைத்துக் கேட்டார், பிறகு அலமாரியைப் பார்த்தார். கருவிப் பையைக்கூட எடுக்காமல் படியேறியவர் அதை வாங்கத் திரும்பி வரவே இல்லை.

அதன் பிறகுதான், மலையோடைகளில் தவளைகளைக் கணக்கெடுத்துத் திரிந்த தன் தங்கைக்கு அவள் போன் போட்டாள்.

“பழுப்புத் தவளையா? ரெண்டு மாசமா தேடி ஒரே ஒரு ஆண்தான் கிடைச்சுது அக்கா. செவ்வாய்க்கிழமை என் கையிலயே செத்துப் போச்சு. இனி எங்கயும் இல்ல.”

“எத்தனை மணிக்கு?”

“பதினொண்ணு இருக்கும். ஏன் கேக்குற?”

தவளையக்கா போனை வைத்துவிட்டாள். ஏழு மாதத்தில் இன்னும் நான்கு இனங்கள் கத்த ஆரம்பித்தன. வெளியே கடைசி உயிர் போன அன்றே உள்ளே குரல் வந்தது. பத்தரை ஆனாலே அவள் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவாள். எல்லார் வீட்டுச் சாக்கடையிலும் இருக்கும் சாதாரணத் தவளைகளின் அலமாரியை மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தாள். வீட்டில் இருக்கும்போது கொல்லையில் அவை கத்துவது காதில் விழுந்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தாள்.

இந்த நேரத்தில்தான் இயக்குநர் அடித்தளத்தைக் காலி செய்ய முடிவெடுத்தார். ஸ்பிரிட் எப்போது வேண்டுமானாலும் பற்றிக்கொள்ளும், இடமும் அடைகிறது, எல்லாவற்றையும் படம் எடுத்துக் கணினியில் போட்டாயிற்று என்பது அவர் கட்சி. மாதக் கடைசியில் லாரி வருவதாக ஏற்பாடு.

சாடிகள் கத்துவதையும் லாரி வரப்போவதையும் தவளையக்கா போனில் சொன்னதும், தங்கை மலையிலிருந்து ஓடி வந்தாள். அக்காவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து வந்தவள், பதினொரு மணிக்குத் தன் காதாலேயே கேட்டாள். தரையில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். பஞ்சு சுற்றிய குச்சியால் நானூறு தவளைகளின் தோலைத் தேய்த்து எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். பதில் வந்த அன்று அவள் குரலே மாறிப்போயிருந்தது.

“தோல்ல ஒரு பூஞ்சை அக்கா. அதுதான் கொல்லுது. அஞ்சாறு வருஷமாத்தான் இருக்குன்னு நாங்க நினைச்சோம். நாப்பத்தோரு வருஷம் முன்னாடி பிடிச்ச தவளையிலயே இருக்கு. வடக்கு ஓடையில ஆரம்பிச்சு ஒவ்வொரு ஓடையா தெற்க பார்த்து வருது. உன் சீட்டுங்களை வரிசையா வச்சாலே வந்த வழி தெரியுது.”

“அடுத்து எங்க?”

“தெற்கு அருவி. மஞ்சள் கால் தவளைங்க. அங்க இன்னும் ஒரு வருஷம் தாங்கும், அவ்வளவுதான்.”

லாரி வந்த அன்று, ஏற்றுவதை மேற்பார்க்க இயக்குநரே இறங்கி வந்தார். தங்கை வழியை மறித்து நின்றாள். “போட்டோவுல பஞ்சை வச்சுத் தேய்க்க முடியாது சார்.” அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது மணி பதினொன்று. ஐந்து இனங்கள், அறுபத்திரண்டு சாடிகள், ஒரே நேரத்தில் கத்தின. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. எந்தெந்தச் சாடி, ஏன் என்று தவளையக்கா அவருக்குச் சுருக்கமாகச் சொன்னாள். அவர் நேராக எதிர் அறைக்குப் போனார். மருத்துவக் கல்லூரி எப்போதோ கொடுத்துவிட்டுப் போன மனிதக் கருக்கள் அங்கேதான் சாடிகளில் இருந்தன. சற்று நேரம் கதவில் காதை வைத்துக் கேட்டார். பிறகு பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“லாரியைத் திருப்பி அனுப்பிடுங்க,” என்றார். “மேல ரெண்டாவது மாடியில ஒரு அறை காலியா இருக்கு. எது வேணுமோ செய்ங்க.”

தங்கை தெற்கு அருவியிலிருந்து பூஞ்சை தொடாத பதினொரு மஞ்சள் கால் தவளைகளைக் கொண்டுவந்து, அந்த அறையில் கண்ணாடித் தொட்டிகளில் விட்டாள். அவை தின்றன, கொழுத்தன, ஆனால் வாயே திறக்கவில்லை. ஆண் கத்தாமல் பெண் நெருங்காது. நெருங்காமல் முட்டை ஏது? செயற்கை மழை பெய்வித்துப் பார்த்தாள், விளக்கை மாற்றிப் பார்த்தாள். பதினான்கு மாதம் ஓடிப்போயிற்று.

ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மற்றவற்றோடு மஞ்சள் கால் சாடியும் கத்தியது. சகோதரிகள் இருவரும் படிக்கட்டில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அருவியில் தவளைகள் முடிந்துவிட்டன என்று யாரும் போன் செய்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. மஞ்சள் கால் சாடி நிறுத்தியது, மறுபடி கத்தியது, மறுபடி நிறுத்தியது. அந்த இடைவெளியில் இரண்டாவது மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. பிறகு நான்கு குரல்கள். பன்னிரண்டு மணி வரை கீழிருந்து ஒன்று கேட்க, மேலிருந்து அவை பதில் சொல்லிக்கொண்டிருந்தன. அடுத்த வாரம் தொட்டிக் கண்ணாடியில் முட்டைகள் ஒட்டியிருந்தன.

அடித்தளத்துக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவில் இருந்த நூலகத்துக்காரர்கள், சத்தத்தில் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை என்று புகார் எழுதிக் கொடுத்தார்கள். இயக்குநர் அதைப் படித்துப் பார்த்து, படிக்கும் மேசைகளைக் கட்டடத்தின் மறுகோடிக்கு மாற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.