ஹாஜா போட்ட டிக்

நஞ்சுண்டன் எழுந்து மைக்கை வாங்கியபோது ஹாஜா நஜ்முதீனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நம்ம ஆள் நாலு பேர் முன்னால் பேசுகிறானே.

ஃபிரிஸ்கோவில் 2009 கோடையில் நடந்த ஊர்க்கூட்டம் அது. தீவிரவாதி என்று சந்தேகப் பட்டியலில் பேர் உள்ளவனுக்கும் துப்பாக்கி விற்கலாமா என்று டிவியில் அடித்துக்கொண்ட சண்டை இங்கேயும் வந்திருந்தது. “சும்மா கேக்கலாம், வாங்க பாய்” என்று நஞ்சுண்டன்தான் ஹாஜாவையும் மனைவி சாலிஹாவையும் தன் காரில் கூட்டி வந்தான்.

ஹாஜாவும் நஞ்சுண்டனும் கூட்டுச் சேர்ந்து போட்டது ஒரு கேஸ் ஸ்டேஷன், கடையோடு சேர்ந்த பெட்ரோல் பங்க். மூட்டை தூக்குவது, கக்கூஸ் கழுவுவது எல்லாம் ஹாஜா. ஐடி வேலைக்காரன் நஞ்சுண்டன் சனி ஞாயிறில் வந்து உட்காருவான். போன வருஷம் ஒருவன் அவன் நெற்றியில் துப்பாக்கியை வைத்துக் கல்லாவைத் துடைத்துக்கொண்டு போனான். அடுத்த வாரமே நஞ்சுண்டன் ஹாஜாவிடம் வந்து நின்றான்.

“எனக்கும் ஒண்ணு வேணுங்க பாய். நான் ஹெச் ஒன் விசா, தர மாட்டான். உங்களுக்குத்தான் கிரீன் கார்டு இருக்குதே.”

ஹாஜா துப்பாக்கிக் கடைக்குப் போனார். உனக்காகத்தான் வாங்குகிறாயா என்று படிவம் கேட்டது. பொய் சொன்னால் ஜெயில் என்றும் எழுதியிருந்தது. கூட்டாளிக்காக ஒரு டிக் போட்டால் குடியா முழுகிவிடும்? போட்டார். சாமான் அன்றே நஞ்சுண்டன் வீட்டு அலமாரிக்குப் போனது.

“ஃப்ளைட் ஏறப் போனா ரெண்டு மணி நேரம் தனி ரூம்ல குந்த வைக்கிறான். இதைக் கால் மணி நேரத்துல சிரிச்சுக்கிட்டே தர்றான்டா” என்றார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பைத்தான் நஞ்சுண்டன் இப்போது மைக்கில் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தான், சிரிக்காமல். “எனக்குத் தெரிந்த ஒருவர். ஏர்போர்ட்டில் ஒவ்வொரு தடவையும் நிறுத்துகிறார்கள். அவர் கையில் துப்பாக்கி இருக்கிறது. என் குடும்பத்துக்குப் பயமாக இருக்கிறது.”

பேர் சொல்லவில்லை. அவன் கண் மட்டும் ஹாஜாவின் தாடியில் வந்து நின்றது. கூட்டமும் திரும்பியது.

முன்வரிசைக் கிழவி ஒருத்தி, “சார், நீங்கள்தானா அது? துப்பாக்கியை யாருக்காக வாங்கினீர்கள்?” என்று கேட்டே விட்டாள்.

“அவனுக்குத்தான்னு சொல்லுங்க” என்று சாலிஹா காதோரம் பல்லைக் கடித்தாள்.

அடுத்த மாசம் சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ. உண்மையைச் சொன்னால் அந்த டிக் பொய். ஜெயில்.

“எனக்காகத்தான்” என்றார் ஹாஜா.

பார்க்கிங்கில் நஞ்சுண்டன் ஓடி வந்தான். “தப்பா எடுத்துக்காதீங்க பாய். உங்ககூட சுத்தறேன்னு ஆபீஸ்ல என்னையும் ஒரு மாதிரி பாக்கறாங்க.”

“அதைத் திருப்பிக் குடுத்துடு.”

“நேத்தே கொண்டாந்து கடை டிராயர்ல வச்சுட்டனுங்க.”

நேற்றே.

“ஏறுங்க, வீட்ல விட்டுடறேன்” என்று அவன் கார்க் கதவைத் திறந்தான். சாலிஹா அதற்குள் ரோட்டுக்குப் போயிருந்தாள். நடைபாதை இல்லாத ரோடு. வீடு ஐந்து மைல். ஹாஜா அவள் பின்னால் நடந்தார்.