இரவல் மோதிரம்

றோசமலர் சொல்லும் எதையும் நான் கேட்டவுடன் நம்பியது கிடையாது. அதற்குக் காரணம் அவளுடைய புருசன்.

இத்தாலியில், பலெர்மோவின் போர்கோ வெக்கியோப் பகுதியில் எங்கள் கட்டிடத்தின் நாலாம் மாடியில் அவளுடைய கதவும் எங்களுடைய கதவும் எதிரெதிரே இருந்தன. மன்னார்ப் பிள்ளை, கத்தோலிக்க வேதக்காரி, என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. குடிவந்த நாளிலிருந்து "அவர் கப்பலிலை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். எந்தக் கப்பல் என்று கேட்டால் சிரிப்பாள். துறைமுகம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். எங்கெங்கோ இருந்தெல்லாம் கப்பல்கள் வந்து ஊதிவிட்டுப் போகின்றன. றோபேட்டின் கப்பல் மட்டும் இத்தனை வருடமாகப் பலெர்மோவுக்கு வழி தெரியாமல் அலைகிறதாம்! அப்படி ஒரு மனிதன் இருக்கிறானா என்பதே எனக்குச் சந்தேகம். தனியே இருக்கும் பெண், நாலு பேர் வாயை அடைக்க ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டு திரிகிறாள் என்று முடிவு கட்டியிருந்தேன். எங்கள் வீட்டில் இவரிடமும் சொன்னேன். "உமக்கேன் உந்த வேலை" என்று பேப்பரைத் திருப்பினார். அவர் அப்படிச் சொன்னதிலும் எனக்கொரு சந்தேகம் வந்தது. அதை விடுங்கள்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மாசி மாதம் எனக்குக் குவெஸ்தூராவிலிருந்து, பொலிஸ் தலைமையகத்திலிருந்து, அழைப்பு வந்தது. இவர், இராசரத்தினம், அதற்கு முதல் வருடமே இத்தாலியப் பிரசையாகிவிட்டார். பிரசையின் மனைவி என்ற முறையில் எனக்கும் விண்ணப்பித்திருந்தோம். கடதாசிக்காகக் கல்யாணம் முடிக்கிறவர்கள் கூடிவிட்டதால் பொலிஸ்காரர் மனைவிமாரைக் கூப்பிட்டுத் துருவித் துருவிக் கேட்கிறார்கள் என்று ஊரெல்லாம் கதை.

எனக்கு இந்தப் பிரசாவுரிமை வேண்டியிருந்தது கிருபனுக்காக. மூத்தவன். மீசை முளைக்க முதல் ஏஜென்சிக்காரனோடு புறப்பட்டுக் கனடாவில் போய் இறங்கியவன். அதன்பிறகு அவன் முகத்தை நான் காணவில்லை. இலங்கைப் பாஸ்போர்ட்டில் இரண்டு தரம் விசா கேட்டேன், இரண்டு தரமும் கைவிரித்தார்கள். இப்போது அவனுக்குக் கல்யாணம் பேசி முற்றாகியிருந்தது. "அம்மா வராமல் நான் தாலி கட்டமாட்டன்" என்று தள்ளிக்கொண்டே இருந்தான். பெண் வீட்டார் ரெலிபோனில் கதைக்கும் குரல் மாறத் தொடங்கியிருந்தது. இத்தாலியப் பாஸ்போர்ட் கையில் வந்தால் கனடாவுக்கு விசாவே வேண்டாம். அந்த அறைக்குள் நான் மனைவி என்று நம்பப்படாவிட்டால் என் பிள்ளையின் கல்யாணத்தை நான் காணப்போவதில்லை. அவ்வளவுதான் விசயம்.

சரி, என்ன உடுத்துக்கொண்டு போவது?

"சீலை வேண்டாம். கொடியும் வேண்டாம்" என்றார் இவர். "வீடு கூட்டித் துடைக்கிற மனிசி கழுத்திலை இவ்வளவு பவுண் கிடந்தா, உந்தக் காசு எங்காலை எண்டு கேப்பாங்கள். நாங்கள் காட்டின வருமானம் அவங்களிட்டை இருக்கு."

தாலிக்கொடியைக் கழற்றச் சொல்லும் ஆம்பிளையை நான் நம்புவதில்லை. கழற்றிய கொடி பிறகு அடகுக்குப் போய், இவருடைய சிநேகிதர் யாருடையவோ கடைக்கு முதலாகும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் சொன்னதில் ஞாயம் இருந்தது. ஒரு மஞ்சள் துண்டைக் கயிற்றில் முடிந்து, இவர் கையாலேயே கட்டுவித்தேன். கொடியை அவர் கண்ணில் படாத இடத்தில் வைத்தேன்.

அன்று பின்னேரம் றோசமலர் கதவைத் தட்டினாள். கையில் கடும் நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் இருந்தன. அவள் வேலைசெய்யும் வீட்டு எசமானி, சின்யோரா, கொடுத்தவை.

"அக்கா, இதைப் போட்டுப் பாருங்கோ. உங்களுக்கு அளவாயிருக்கும்."

"உமக்கு ஆர் சொன்னது எனக்கு நாளைக்கு அழைப்பெண்டு?"

"சுவருக்கு அங்காலை நீங்கள் கதைக்கிறது எனக்குக் கேக்காதோ?" என்று சிரித்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். "மோதிரம் எங்கை?"

"எங்களிலை பொம்பிளைக்கு மோதிரமில்லை. தாலிதான்."

"அது அவையளுக்குத் தெரியாது அக்கா. என்ரை சின்யோராவின்ரை புருசன் வக்கீல். அவர் சொன்னவர், அங்கை விசாரிக்கிற பொலிஸ் மனிசி முதல் பாக்கிறது விரலைத்தானாம்."

"அப்ப ஒண்டு வாங்கினாப் போச்சு."

"புதுசு போட்டா பளபளக்கும். இருபத்தைஞ்சு வருசக் கல்யாணத்துக்கு நேற்று வாங்கின மோதிரமோ எண்டு கேப்பினம்."

இதைச் சொல்லிவிட்டு அவள் குழாயடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டு, தன் விரலிலிருந்த மோதிரத்தைத் திருகித் திருகிக் கழற்றினாள். சட்டென்று வரவில்லை. வந்ததும் அதை என் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். தேய்ந்து மங்கிப்போன மெல்லிய வளையம்.

ஒரு பெண் எதற்காகத் தன் கல்யாண மோதிரத்தை இன்னொருத்திக்குக் கொடுக்கிறாள்? எனக்கு உடனே மூளை வேலைசெய்தது. புருசன் என்று ஒருவன் இருந்தால் கொடுப்பாளா? இது எங்கோ பழைய சாமான் கடையில் எடுத்ததாக இருக்கும். இல்லாவிட்டால் நாளைக்கு, 'ஞானாம்பிகை அக்காவுக்கு என்னாலைதான் கிடைச்சது' என்று சனத்திடம் அளக்க ஒரு வழி. ஆனால் கிருபனை நினைத்தேன். வாங்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் அவளும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்தாள். மோதிரத்துக்குக் காவல் வருகிறாள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

குவெஸ்தூராவில் முதலில் இவரைக் கூப்பிட்டார்கள். வெளியே வந்தவரின் நெற்றி வேர்த்திருந்தது. பிறகு என்னை. மேசைக்கு அந்தப்பக்கம் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிய ஓர் அம்மா. நான் அவ்வளவு யோசித்து உடுத்த நீலப் பாவாடையை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. என்னைப் பார்க்காமலே கேள்வி கேட்டார். புருசன் கோப்பிக்குச் சீனி போடுவாரா, எந்தப் பக்கம் படுப்பார், கடைசியாக எதற்குச் சண்டை பிடித்தீர்கள். சண்டைக்கு எனக்குப் பதில் நிறைய இருந்தது. ஒன்றைச் சொன்னேன்.

"அவர் வந்தபிறகு ஆறு வருடம் நீங்கள் அங்கே. அவர் இங்கே. அப்படித்தானே?"

"ஓம்" என்று வாயில் வந்ததை விழுங்கி, இத்தாலியனில் "ஸீ" என்றேன்.

அந்த நேரம் மோதிரம் என்னைப் படுத்தத் தொடங்கியது. றோசமலரின் விரல் மெல்லிசு. என் விரல் குளோரின் தண்ணீரில் ஊறி ஊறித் தடித்தது. காலையில் எப்படியோ ஏற்றிவிட்டேன், இப்போது விரல் வீங்கி விண்விண் என்று வலித்தது. மேசைக்குக் கீழே வைத்துத் திருகினேன். அந்த அம்மா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

"கழற்றுங்கள்."

கழற்றினேன். தோலும் கொஞ்சம் உரிந்து வந்தது. அவர் அதை வாங்கிக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்து, உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அதற்குள்ளே எழுத்து இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் தாலியில் யாரும் பெயர் எழுதுவதில்லையே.

"றோபேட்," என்று வாசித்தார். "ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்துமூன்று. சின்யோரா, யார் இந்த றோபேட்?"

எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. சண்டாளி! வேண்டுமென்றே செய்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு தெரிந்த இத்தாலியன் எல்லாவற்றையும் கொட்டினேன். இது என்னுடையதல்ல, சிநேகிதியுடையது, எங்களுக்கு மோதிரமில்லை, இதுதான் எங்களுக்கு. சட்டைக் கழுத்தை இழுத்து மஞ்சள் கயிற்றைக் காட்டினேன்.

"இது கண்ணூறுக்குக் கட்டுவது. என் வேலைக்காரியும் கட்டியிருக்கிறாள்" என்றார் அந்த அம்மா.

"இல்லை. தங்கம் வீட்டில் இருக்கிறது."

"ஏன் வீட்டில்?"

உங்களுக்குப் பயந்து என்று எப்படிச் சொல்வது? அவர் எழுதத் தொடங்கினார். அவர் மனதில் ஓடிய கதை எனக்கு விளங்கியது. என் உண்மையான புருசன் றோபேட். வெளியே வேர்த்துக்கொண்டிருக்கும் இராசரத்தினம் கடதாசிப் புருசன். கிருபனின் மணவறை என் கண்ணுக்கு முன்னால் கலைந்துபோனது.

"அந்தச் சிநேகிதியைக் கூப்பிடுங்கள்."

றோசமலர் உள்ளே வந்தாள். மேசையில் மோதிரத்தைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அது என்னுடையது" என்று விரலைக் காட்டினாள். மோதிரம் இருந்த இடம் பள்ளமாக, வெளிறிப்போய்க் கிடந்தது.

"அடையாளம் எந்த மோதிரத்தாலும் வரும். றோபேட் உங்கள் கணவரென்றால், அவர் எங்கே?"

"கப்பலில்."

"எந்தக் கப்பல்? எந்தக் கொம்பனி?"

றோசமலர் சிரிக்கப் பார்த்தாள். எங்களிடம் சிரித்துத் தப்பியவள்தானே. அங்கே அது எடுபடவில்லை.

"சரி. கப்பல் வந்ததும் றோபேட் இங்கே வந்து, தன் மனைவி எவள் என்று சொல்லட்டும். அதுவரை இந்தக் கோப்பு இந்த மேசையில் கிடக்கும்." அந்த அம்மா பேனையை மூடினார்.

நான் றோசமலரை முறைத்தேன். பொய்க்காரி, இல்லாத மனிசனை எங்கிருந்தடி கூட்டி வரப்போகிறாய் என்று கத்த வேண்டும்போல இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. மோதிரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவர் வரமாட்டார்" என்றாள். "மோர்த்தோ." இறந்துவிட்டார் என்று.

அந்த அம்மா மூடிய பேனையைத் திரும்பத் திறந்தார்.

"தொண்ணூறாம் ஆண்டு. மன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் படகில் வந்தோம். ஒரே படகில் இடம் இருக்கவில்லை. நான் முதல் படகில். அவர் அடுத்ததில். அந்தப் படகு வரவில்லை. உடலும் வரவில்லை."

"உங்கள் பெர்மெசோ அனுமதிப் பத்திரத்தில் மணமானவர் என்றிருக்கிறதே?"

"செத்ததென்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை."

"வேதோவா?" என்று அந்த அம்மா மெல்லக் கேட்டார். விதவையா என்று.

றோசமலர் மோதிரமில்லாத விரலை மற்றக் கையால் பொத்தினாள். பிறகு "ஸீ" என்றாள்.

அவர் அதை எழுதினார். என் கோப்பை மூடி, முடிந்தவை கிடந்த வலப்பக்கத்து அடுக்கில் வைத்தார். மோதிரத்தை றோசமலரின் உள்ளங்கையில் தானே வைத்துவிட்டார். அவள் அதை விரலில் போடவில்லை, கைப்பைக்குள் போட்டாள். அந்த ஞாயிறு அவள் றோபேட்டின் ஆத்துமாவுக்குப் பூசை கொடுத்தாள். எத்தனையோ வருடமாகச் சுவாமியார் சொல்லியும் கொடுக்காத பூசை அது. நான் போனேன், கோயிலில் பின் வாங்கில் இருந்து அழுதேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அவள் மேல் கோபமாகவும் இருந்தது. எங்களிடம் ஒரு சொல் சொல்லியிருக்கக்கூடாதா?

அடுத்த தைக்கு எனக்குப் பிரசாவுரிமை கிடைத்துவிட்டது. நகரசபையில், கொமூனேயில், சத்தியப்பிரமாணம். கிருபனுக்கு வைகாசியில் நாள் வைத்தாயிற்று. சத்தியப்பிரமாணத்தன்று காலை மாம்பழ நிறக் கூறைச்சீலையை உடுத்தேன். வருமானக் கணக்குப் பார்க்கிறவன் பார்க்கட்டும் என்று கொடியை வெளியே எடுத்தேன்.

"எதிர்வீட்டுப் பிள்ளை இப்ப முன்னுக்கு வராமல் பாரும்" என்றார் இவர், காலுறையைப் போட்டபடி. "நல்ல காரியத்துக்குப் போறம்."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! கொடியைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே போய் எதிர்க்கதவைத் தட்டினேன். றோசமலர் கறுப்புச் சட்டையோடு வந்து திறந்தாள். என்னைக் கண்டதும் ஒதுங்கிக் கதவுக்குப் பின்னால் போனாள்.

"இதைப் பூட்டிவிடும்" என்று முதுகைக் காட்டினேன்.

"ஏன் என்னைக் கேக்கிறியள்?" அவள் குரலில் சந்தேகம் இருந்தது. "அண்ணை இருக்கிறார்தானே?"

"உம்மைத்தான் கேக்கிறன்."

"வேண்டாம் அக்கா. இப்ப நான் தொட்டுப் பூட்ட, நாளைக்கு அண்ணைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் என்னைத்தான் சொல்லுவியள்."

"சொல்லமாட்டன்."

சுவர்க்கண்ணாடியில் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் கண்ணை எடுக்கவில்லை. அவள் நம்பவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் கொடியை வாங்கிப் பூட்டினாள்.