மழையில் காயப்போட்ட போர்வை

ஐத் வமான் என்ற மலையூருக்கு எதிர்க் குன்றில் அந்த டிவி ஒளிபரப்புக் கோபுரம் எழும்பி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. வந்த ஆட்கள் மூன்று நாள் தங்கிக் கம்பி இழுத்தார்கள், பெட்டி பூட்டினார்கள், கடைசி நாள் பஸ்ஸூவின் தேநீர்க் கடையில் உட்கார்ந்து வயிறு முட்டத் தின்றுவிட்டு வண்டியேறிப் போனார்கள். இனி சந்தா கிடையாது, டிஷ் வேண்டாம், கூரைமேல் சாதாரண ஆண்டெனா ஒன்று, டிவி பக்கத்தில் சின்னப் பெட்டி ஒன்று, இவ்வளவு போதும், நாட்டிலுள்ள எல்லாச் சேனலும் கண்ணாடியாகத் தெரியும் என்று ஊரில் பேச்சு. அடுத்த சந்தை நாளிலேயே ஆளாளுக்கு ஓர் ஆண்டெனாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. கூரைக்குக் கூரை ஆண்கள் ஏறி நின்று கம்பியை அரை விரற்கடை திருப்புவதும், "வந்துச்சா?" என்று கத்துவதும், உள்ளேயிருந்து பெண்கள் "வரல!" என்று பதிலுக்குக் கத்துவதுமாக ஊர் இரண்டு வாரம் தொண்டை கட்டிப்போய்க் கிடந்தது. ஒருவன் ஆண்டெனாவில் பானை மூடியைக் கட்டிப் பார்த்தான். இன்னொருவன் பக்கத்து வீட்டு அத்திமரத்தை வெட்டச் சொல்லிச் சண்டைக்குப் போனான். ஒரு வீட்டிலும் ஒரு மண்ணும் தெரியவில்லை. தெரிந்தது பஸ்ஸூவின் கடையில் மட்டும்தான்.

பஸ்ஸூ அதற்குக் காரணம் வைத்திருந்தான். அவன் கடை ஊரின் உச்சி மேட்டில் இருக்கிறது, கீழே கடை, மேலே வீடு, கோபுரத்துக்கு நேர் எதிர். போதாததற்கு மெக்னெஸ் நகரத்திலிருந்து வரவழைத்த பூஸ்டர் வேறு. மற்றவர்களின் வீடுகள் பள்ளத்தில் கிடக்கின்றன, அலை தலைக்கு மேலே போய்விடுகிறது. ஊர் இதை நம்பியது. நம்பிவிட்டு, சாயங்காலமானால் கடைக்குப் போய் ஒரு கோப்பைத் தேநீரை ஆறவிட்டு ஆறவிட்டுக் குடித்துக்கொண்டு கால்பந்து ஆட்டம் பார்த்தது. போனதெல்லாம் ஆண்கள். பெண் காலெடுத்து வைக்கிற இடமில்லை அது.

இத்தோவுக்கு முன்பெல்லாம் இது பெரிய குறையாகத் தெரிந்ததில்லை. புருஷன் போய் ஐந்து வருடம், கோழி, ஆடு, கொஞ்சம் ஆப்பிள் மரம் என்று அவள் பாடு அவளுக்கு. ஆனால் அவளுடைய ஒரே மகன் இதிர் பதினேழு வயதுக்கு உட்பட்டவர்களின் தேசியக் கால்பந்து அணியில் இருந்தான். கோல்கீப்பர். இரண்டு ஆட்டமாக வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன், முதல் கீப்பருக்குக் கால் பிசகிவிட்டதால் அன்று மாலை நான்கு மணி அரையிறுதியில் இறங்கப்போகிறான். டிஷ்ஷில் பார்க்கலாம் என்றால் ஆட்ட நேரத்துக்குத் திரையைக் கறுப்பாக்கிவிடுவார்கள். அந்த வழிக்கான உரிமையை வேறு எவனோ வாங்கி வைத்திருந்தான். கோபுரத்திலிருந்து தரைவழியாக வருகிற அலையில் மட்டும்தான் ஆட்டம் இலவசம். இணையத்தில் பார்க்கவும் வழியில்லை. அந்தப் பள்ளத்தில் போனில் குரல் கேட்பதே பெரும் பாடு.

அதனால் காலையிலேயே பஸ்ஸூவைக் கூப்பிட்டனுப்பினாள். ஆண்டெனாவை முதலில் கட்டிக் கொடுத்தவனும் அவன்தான். வேறு எந்த ஆணும் அவள் கூரைக்கு ஏற முடியாது, அவன் ஏறலாம். பஸ்ஸூவைப் பெற்ற ஒன்பதாம் நாள் அவன் தாய் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது, மடியில் நான்கு மாத இத்தோவோடு இருந்த இத்தோவின் அம்மா அவனை வாங்கி மறு மார்பில் போட்டுக்கொண்டாள். இரண்டு வருடம் குடித்தான். ஒரே பால் குடித்தவர்கள் கூடப்பிறந்தவர்கள், அந்த ஊரில் அதற்குமேல் பேச்சில்லை. கூப்பிடாமல் கொள்ளாமல் பின்வாசல் வழியாக வருவான், அடுப்பில் இருப்பதை எடுத்துத் தின்பான், போவான்.

"வருதா?" என்று கூரையிலிருந்து கத்தினான் பஸ்ஸூ.

"வரலடா! சிக்னல் இல்லைன்னுதான் எழுதியிருக்கு!"

"இப்போ?"

"இப்பவும் அதே இழவுதான்!"

கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தான். "அக்கா, என்மேல கோவிச்சுக்காத. உன் வீட்டுக்குப் பின்னாலயும் பாறை, முன்னாலயும் பாறை. வானத்துலேருந்து தேவதூதனே எறங்கி வந்து கம்பியத் திருப்பினாலும் வராது."

"அப்ப எம் புள்ளைய நான் எப்படிடா பாக்குறது?"

"கடைப் பின்கட்டுக்கு வா. என் வீட்டுக்காரிகூட சமையக்கட்டுல உக்காந்துக்க. நடுக்கதவ லேசாத் தொறந்து வைக்கிறேன். சத்தம் நல்லாக் கேக்கும்."

"சத்தம் கேக்கவாடா நான் பெத்தேன்?"

"உன் வாய் இருக்கே, அது ஒண்ணே போதும், கோபுரமே வேணாம்." சிரித்துக்கொண்டே தட்டிலிருந்த மடிப்பு ரொட்டியில் இரண்டைச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினான். வாசலில் நின்று, "ஒண்ணும் கவலைப்படாத. ஒவ்வொரு கோலுக்கும் நானே ஓடி வந்து சொல்றேன்" என்றான். அந்தச் சொல்லில் அவளுக்கு மனசு கொஞ்சம் நிறைந்தும் போயிற்று. அதை நினைத்தால்தான் பிறகு அவளுக்கு வயிறு எரிந்தது.

நான்கு மணிக்கு இத்தோ வேலையெல்லாம் ஒதுக்கிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். சிக்னல் இல்லை. ஊர் அடங்கியிருந்தது, நாய்கூடக் குரைக்கவில்லை. சற்று நேரத்தில் மேட்டிலிருந்து ஒரு பெரும் ஐயோ எழுந்தது. பிறகு மூச்சு விடாத அமைதி. பிறகு அறுபது ஆண்களும் ஒரே தொண்டையாகக் கத்துகிற கத்தல், மேசையைக் குத்துகிற சத்தம், "இதிர்! இதிர்!" என்று மகனின் பெயர். என்ன ஆயிற்று? பிடித்தானா, விட்டானா? பெயர் சொல்லிக் கொண்டாடுகிறார்களா, திட்டுகிறார்களா? வாசலில் போய் நின்று பார்த்தாள். ஓடி வந்து சொல்கிறேன் என்றவன் இடைவேளை தாண்டியும் வரவில்லை.

பொறுக்க முடியவில்லை. பஸ்ஸூவுக்குத் தெரியாவிட்டால் என்ன, நானே திருப்பிப் பார்க்கிறேன் என்று கூரைக்கு ஏறினாள். அப்போதுதான் தூறல் ஆரம்பித்தது. மேட்டு வீட்டுக் கூரையில் பஸ்ஸூவின் மனைவி ரப்ஹா அவசர அவசரமாகத் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

கூரை பெண்களின் இடம். ஆண் ஏற வேண்டுமென்றால் கனைத்துச் சத்தம் கொடுத்துவிட்டு, கண்ணைத் தன் வேலையில் வைத்துக்கொண்டு ஏற வேண்டும். அடுத்தவன் கூரையைப் பார்ப்பவன் மனிதனே இல்லை. ஆகவே பஸ்ஸூவின் கூரையில் என்ன இருக்கிறது என்று ஊரில் எந்த ஆணுக்கும் தெரியாது. பெண்களுக்கு மட்டும் ஒன்று தெரியும்: இந்த ஒன்றரை மாதமாக அங்கே தடித்த போர்வை ஒன்று எந்நேரமும் காய்ந்துகொண்டே இருந்தது. ரப்ஹா வீட்டில் யாரோ இன்னும் படுக்கையை நனைக்கிறார்கள், பஸ்ஸூவாகத்தான் இருக்கும் என்று தண்ணீர் எடுக்கிற இடத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருந்தார்கள். இத்தோவும்தான் சிரித்தாள்.

இப்போது தூறலைக் கண்ட பழக்கதோஷத்தில் ரப்ஹா அந்தப் போர்வையையும் கொடியிலிருந்து உருவிவிட்டாள். பின்னால் ஆண்டெனா இருந்தது. ஊரில் எல்லோரும் வாங்கிய அதே ஆண்டெனா, அதே சந்தைச் சரக்கு. பூஸ்டரும் இல்லை, ஒரு எழவும் இல்லை. ஒரே ஒரு வித்தியாசம்: மற்றவர்கள் கூரையில் கம்பிகள் தரைக்கு இணையாகப் படுத்திருந்தன. இங்கே ஒருக்களித்துத் திருப்பி, கம்பிகள் மேலும் கீழுமாக நின்றுகொண்டிருந்தன.

ரப்ஹா திரும்பினாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ரப்ஹா, காய்ந்த போர்வையை எடுத்து, மழையில், மறுபடியும் கொடியில் விரித்துப் போட்டாள்.

அதைப் பார்த்துத்தான் இத்தோவுக்கு விளங்கியது. ஆண்டெனாவை மட்டும் பார்த்திருந்தால் ஏதோ கோணலாகக் கட்டியிருக்கிறான் என்றுகூட நினைத்திருப்பாள். மழையில் எவளாவது போர்வை காயப்போடுவாளா? அப்படியென்றால் மறைக்க ஏதோ இருக்கிறது, ரப்ஹாவுக்கும் தெரியும், இத்தனை நாளும் தெரியும். முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அடுக்களைக்கு ஓடிக் குறட்டை எடுத்து வந்தாள். காலையில் பஸ்ஸூ இறுக்கிவிட்டுப் போன திருகு அசைய மறுத்தது. படுத்த கம்பி படுத்தே கிடக்க வேண்டுமென்று எவ்வளவு அக்கறையாக இறுக்கியிருக்கிறான்! விரல் தோல் உரிய உரியத் திருகி, கம்பிகளை நிமிர்த்தி, மறுபடி இறுக்கினாள். இறங்கி வந்து பெட்டியில் தேடும் பொத்தானை அழுத்தினாள். ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது சேனல்கள். ஆறாவதில் புல்தரை, பச்சைப் பசேலென்று. தொளதொள மஞ்சள் சட்டையில் இதிர் நின்றுகொண்டிருந்தான்.

மீதியிருந்தது இருபது நிமிடம். இருபது நிமிடமும் திரையோடு பேசிக்கொண்டிருந்தாள். "முன்னால போகாதடா. அவனப் பாரு, அந்த நெட்டையனப் பாரு." கடைசியில் நம் பையன் ஒருவன் எப்படியோ முட்டித் தள்ளி ஒரு கோல் போட்டான், ஜெயித்தார்கள். அந்தச் சத்தம் இந்த முறை மேட்டிலிருந்து ஒன்று, அவள் வீட்டிலிருந்து ஒன்று என்று இரண்டு இடத்தில் கேட்டது.

ஆறு மணிக்கு இதிர் போன் செய்தான். பாதிச் சொல் விழுங்கி விழுங்கித்தான் கேட்டது.

"அம்மா! பெனால்டியப் பாத்தியா? மொத பாதில! எடது பக்கம் பாய்ஞ்சு தட்டினேனே!"

அந்த ஐயோ, அந்த அமைதி, அந்தக் கத்தல். அதுதான் அது. "பாத்தேன்டா கண்ணு" என்றாள்.

"எழுந்ததும் கேமராவப் பாத்து ஒண்ணு செஞ்சேன், உனக்குன்னே. பசங்ககிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருந்தேன். என்ன செஞ்சேன், சொல்லு பாப்போம்?"

அறுபது ஆண்கள் பார்த்திருந்தார்கள். கடையில் கோப்பை கழுவுகிறவன் பார்த்திருந்தான். அவளுக்கென்று மகன் செய்த ஒன்றை அவளைத் தவிர ஊரே பார்த்திருந்தது.

"அம்மா? கேக்குதா?"

"அழுதுக்கிட்டே இருந்தேன்டா. கண்ணு மறைச்சிடுச்சு."

"அழுமூஞ்சி!" என்று சிரித்தான். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், லைன் போய்விட்டது. மகனிடம் அவள் சொன்ன முதல் பொய் அதுவாக இருக்காது. ஆனால் சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதது அதற்கு மட்டும்தான்.

அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு கூரைக்கு ஏறினாள். மழை விட்டிருந்தது, பெண்கள் துணி போட வந்திருந்தார்கள். இத்தோ இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினாள்: "ஏ பொண்டுங்களா! ஆண்டெனாவ ஒருக்களிச்சு நிமுத்தி வைங்கடி! படுக்க வச்சா வராது! ஆம்பளைங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காதீங்க, அவங்க தேத்தண்ணி குடிக்கட்டும்!" ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்குச் சேதி தாவிப் போயிற்று. அரை மணி நேரத்தில் "வந்துச்சு! வந்துச்சு!" என்று பள்ளத்திலிருந்து கூவல் எழ ஆரம்பித்தது. மேட்டுக் கூரையில் மட்டும் போர்வை சொட்டச் சொட்டத் தொங்கியது.

விளக்கு வைப்பதற்கு முன்னால் பஸ்ஸூ வந்தான். வழக்கம்போலப் பின்வாசலைத் தள்ளினான். உள்ளே தாழ் போட்டிருந்தது.

"அக்கா. அக்கா, கதவத் தொற."

இத்தோ எழுந்து கதவருகே வந்தாள். தாழை எடுக்கவில்லை.

"நான் சொல்லணும்னுதான் இருந்தேன். சத்தியமா. அந்த ஆளுங்க போறப்ப, கம்பி நிக்கணும், எல்லாருக்கும் சொல்லிடுன்னாங்க. கோப்பை ஆட்டம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். ரெண்டே மாசம்தான். கடை நாலு வருஷமா ஈயாடிக்கிட்டு இருந்தது உனக்குத் தெரியாதா?"

கதவை மறுபடி தள்ளிப் பார்த்தான்.

"ஊருக்கே நிமுத்தச் சொன்னா ஊருக்கே வரும். உனக்கு மட்டும் நிமுத்தி வச்சா, உன் கூரையப் பாத்துப் பொம்பளைங்க எல்லாம் கத்துக்குவாங்க. அதான்... காலைல ஏறினப்பக்கூட மனசு கேக்கலக்கா. கை வரைக்கும் வந்துச்சு."

கை வரைக்கும் வந்ததாம். இத்தோ கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

பஸ்ஸூ குரலைத் தாழ்த்திக் குழைந்தான். "சரி, அத விடு. புள்ள இன்னிக்கு என்ன செஞ்சான் தெரியுமா? பெனால்டியத் தடுத்துட்டு எழுந்தான் பாரு, எழுந்து கேமராவுக்கு நேரா வந்து, ரெண்டு கையையும்..."

"சொல்லாதீங்க."

அவன் நிறுத்தினான். நாற்பத்தைந்து வருடத்தில் இத்தோ அவனை 'டா' போடாமல் பேசியதில்லை.

"அக்கா? நான்தான். பஸ்ஸூ."

"வீட்டுல ஆம்பளை இல்லைங்க" என்றாள் இத்தோ. "பின்பக்கமா வராதீங்க. என்ன சேதியா இருந்தாலும் முன்வாசல்ல நின்னு சத்தம் கொடுத்துச் சொல்லிட்டுப் போங்க."

வெளியே அவன் நெடுநேரம் நின்றான். முன்வாசலுக்கு வரவில்லை.