ரூத்தின் சுண்டுவிரல்

சிடி வெளிவந்து இரண்டு கிழமைக்குள் சுபாங்கனைப் பாராட்டாதவர் என்று ஒருவரும் மிச்சமில்லை. அதுதான் அவனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. சிட்னி மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் பஜனைக்கு வயலின் வாசிக்கிற பொடியன் வெள்ளைக்காரரோடு சேர்ந்து புளூகிராஸ் வாசித்திருக்கிறான் என்று வரதராஜா அங்கிள் அன்னதான வரிசையில் நின்ற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பொடியனுக்கு நாற்பத்தொரு வயது. பாடுகிறவர் யாருமில்லாத, முழுக்க முழுக்க வாத்தியம் மட்டுமே உள்ள சிடி அது. மூன்றாவது உருப்படியில் பிடில் தனித்து வருகிற இடத்தில் நடுவே ஒரு சின்ன மௌனம் விழுகிறதே, அதைக் கேட்டதும் தனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்றார் அங்கிள். சுபாங்கன் சோற்றுத் தட்டைப் பார்த்தபடி நின்றான். அந்த மௌனம் அவனுடையதல்ல. அதற்கு முன்னும் பின்னும் வந்ததுகூட அவனுடையதல்ல.

புளூகிராஸ் அமெரிக்க மலைநாட்டுக் கிராமிய இசை, அதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரே மெட்டை பாஞ்சோ, கிற்றார், பிடில் என்று ஆளுக்கொரு முறை எடுத்து வாசிப்பார்கள். உன் முறை வரும்போது மெட்டு அடையாளம் தெரிகிற அளவுக்கு இருந்தால் போதும், மிச்சம் உன் கைவேலை. இரண்டு தந்தியை ஒன்றாக இழுக்கலாம், சுரத்துக்குக் கீழேயிருந்து வழுக்கி ஏறலாம், வில்லைக் குறுக்கிப் பிடித்துத் தாளத்தையே ஆட்டிவைக்கலாம். குரல் இல்லாத பதிவில் சந்தோஷம், துக்கம் எல்லாவற்றையும் அந்த அரை நிமிடத்தில் பிடில்தான் சொல்லியாக வேண்டும். இன்னொருவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தன்னுடையது என்று மட்டும் சொல்லக் கூடாது.

சுபாங்கன் கர்நாடக சங்கீதத்தில் கெட்டிக்காரன். ஆனாலும் ஒரு கள்ளம் உண்டு. மேடையில் அந்தக் கணத்தில் பிறப்பதாகச் சபை நம்புகிற கற்பனாஸ்வரத்தை அவன் கச்சேரிக்கு முதல் கிழமையே கொப்பியில் எழுதிப் பாடமாக்கிவிடுவான். நம் ஆட்களில் பாதிப்பேர் செய்கிற வேலைதான், கேட்டால் ஒருவரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். தவறு வரக் கூடாது என்ற பயம் அவனுக்கு. அந்தப் பயத்தோடுதான் கொலினின் குழுவில் போய்ச் சேர்ந்தான்.

கொலின் பிளாக்டவுனில் குழாய் வேலை செய்கிறவர், பாஞ்சோக்காரர். தான் போட்ட பழைய மெட்டு ஒன்றைப் பழகச்சொல்லி கராஜில் தேடி ஒரு கசட் எடுத்துக்கொடுத்தார். முன்பு குழுவில் வாசித்துவிட்டு மெல்பேர்ன் போய்விட்ட ரூத் என்பவர் அதில் பிடில் வாசித்திருந்தார். கொலினே அதைக் கேட்டு இருபது வருடம் இருக்கும். சுபாங்கன் ரூத்தின் முறை முழுவதையும் ஸ ரி க ம வில் எழுதினான். ஓரிடத்தில் ஒரு சுரம் வராமல் சத்தம் அறுந்திருந்தது. அங்கே ஒரு கோடு போட்டு அதையும் எழுதினான். ஹோம்புஷ் வீட்டுக் குசினி மூலையில் ஒரு மாதம் அதையே வாசித்தான்.

பதிவு நாளில் வாசித்து முடித்ததும் கொலின் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, இது எங்கேயிருந்து வந்தது என்று கேட்டார். உங்களுடைய கசட்டிலிருந்து என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? கொலினின் கண் கலங்கியிருந்தது. அப்படி ஒருவர் தன்னைப் பார்த்து அவனுக்குப் பழக்கமில்லை. சும்மா வந்தது என்றான். சிடி அட்டையில் ‘பிடில் கற்பனை: சுபாங்கன்’ என்று அச்சாகிவிட்டது.

மனைவி ரஞ்சினிக்கு அந்தக் கசட் மனப்பாடம். அட்டையைப் பார்த்துவிட்டு, கொலினுக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

“ஓம், சொல்லிட்டன். அவையளுக்குப் பிரச்சினையில்லையாம்.”

பதினாறு வருடத்தில் அவளிடம் அவன் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான். அவள் நம்பினாள். நம்பினாளே என்பதுதான் அவனை அதிகம் சுட்டது.

மெல்பேர்னில் ஒரு ஞாயிறு பின்னேரம் வெளியீடு வைத்தார்கள். சின்ன மண்டபம், நாற்பது பேர் வரும். ரஞ்சினியும் கூட வந்திருந்தாள். மூன்றாவது உருப்படியில் சுபாங்கனின் முறை வந்தது. வாசித்துக்கொண்டே நிமிர்ந்தபோது இரண்டாவது வரிசையில் ஒரு நரைத்த தலை தெரிந்தது. அந்த அம்மாளின் இடதுகை முழங்காலில் இருந்தது. விரல்கள் அசைந்தன. அவன் வாசிக்கப்போகிற சுரம் ஒவ்வொன்றையும் அவனுக்கு ஒரு நொடி முந்தியே அந்த விரல்கள் வாசித்தன. மௌனம் வந்த இடத்தில் அவருடைய சுண்டுவிரல் மட்டும் விறைத்து மேலே நின்றது. அது ரூத் என்று அவனுக்கு விளங்கிற்று. ஆனாலும் பாடமாக்கினது பிசகவில்லை, தன்பாட்டில் ஓடி முடிந்தது. கைதட்டல் நிற்க நெடுநேரம் ஆனது.

நிகழ்ச்சி முடிந்ததும் ரூத் அவனிடம் வந்தார். கோபமாக வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அந்த இடத்தில் மௌனம் ஒன்றும் இல்லை, தம்பி. அன்றைக்கு நாய்க்கு டின் திறக்கப்போய் விரலை வெட்டிக்கொண்டேன். பிளாஸ்டர் போட்டிருந்தது, விரல் எட்டவில்லை. யாருக்கும் போட்டுக்காட்டாதே என்று கொலினிடம் கெஞ்சிவிட்டுத்தான் கசட்டைக் கொடுத்தேன்.”

சுபாங்கனுக்கு முகம் முழுக்க எரிந்தது. களவெடுத்ததுதான் எடுத்தான், அவர் வெட்கப்பட்டு ஒளித்துவைத்ததைப் பார்த்தா எடுக்க வேண்டும்? அதற்குள் கொலின் வந்து இரண்டு பேரின் தோளிலும் கையைப் போட்டு, அது உனக்கு எப்படி வந்ததென்று ரூத்துக்குச் சொல்லு என்றார். சுற்றி ஏழெட்டுப் பேர் கேட்க ஆவலாக நெருங்கினார்கள். ரூத் நினைத்திருந்தால் ஒரு சொல்லில் முடித்திருக்கலாம், சுபாங்கனும் இன்னொரு முறை சிரித்துச் சமாளித்திருக்கலாம். அவர் அவனைப் பார்த்தபடி பொறுமையாக நின்றார்.

“அது இவவின்ரை” என்று முதலில் தமிழில்தான் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னான், ஒரு சுரம்கூடத் தன்னுடையதில்லை என்று.

கொலின் கையை எடுத்துவிட்டார். சட்டைப் பையிலிருந்த பேனையை எடுத்து அவனிடம் நீட்டி, சிடி விற்கிற மேசையைக் காட்டினார். அங்கே வாங்கினவர்கள் கையெழுத்துக்கு வரிசையில் நின்றார்கள்.

சுபாங்கன் போய்க் கதிரையில் உட்கார்ந்தான். முதல் அட்டையில் தன் பெயரை வெட்டி ரூத்தின் பெயரை எழுதினான். வாங்கின பெண் ஏன் என்று கேட்டாள். சொன்னான். அடுத்தவரும் கேட்டார், அவருக்கும் சொன்னான். சிலர் பரவாயில்லை என்று தோளைத் தட்டினார்கள். ஒரு கிழவர் சிடியை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். ரூத் பக்கத்தில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு இருந்தார். இருபது பேருக்கு மேல் சொல்லியும் சொல்வது இலகுவாகவில்லை. ஆனால் இவர்களெல்லாம் நாளைக்குத் தன்னை மறந்துவிடுவார்கள் என்று மனம் ஒரு கணக்குப் போட்டது. அந்தக் கணக்குப் போட்டதற்கும் வெட்கமாக இருந்தது.

வரிசையில் கடைசியாக ஒரு கை சிடியை வைத்தது. பெயரை வெட்டப் போனவன் அந்தக் கையிலிருந்த காப்பைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். ரஞ்சினி மற்றவர்களைப் போலவே வரிசையில் நின்று வந்திருந்தாள். அவன் சொன்னதெல்லாம் அவள் காதில் விழுந்துதான் இருக்கும்.

“எனக்கும் சொல்லுங்கோ” என்றாள்.

அவன் பேனையை மேசையில் வைத்தான். தலையை நிமிர்த்த முடியவில்லை. அவள் போகவில்லை, அவன் சொல்லும்வரை அப்படியே நின்றாள்.