சூடம் அணைத்த கை

பனி பெய்யும் ஊர்களைப் பற்றி எங்களுக்கு நிறையத் தெரிந்திருந்தது. எங்களுக்கு என்றால், எனக்கும் முருகலட்சுமிக்கும். மழையே சரியாகப் பார்த்திராதவர்கள் நாங்கள்.

அருப்புக்கோட்டை நூலகத்தில் மொழிபெயர்ப்பு நாவல்கள் கடைசி அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. சனிக்கிழமை காலையில் பஸ்ஸில் போய் ஆளுக்கொன்று எடுத்து வருவோம். புதன்கிழமை மாற்றிக்கொள்வோம். திருச்சுழி ரோட்டில் இறங்கினால் ஊருக்கு ஒன்றரை மைல் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் கருவேலம். வெயிலில் இளகிய தார் செருப்பில் ஒட்டும். நான் புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டே நடப்பேன். பள்ளம் மேடு வந்தால் முருகலட்சுமி என் முழங்கையைப் பிடித்துத் திருப்பிவிடுவாள். அந்த நாவல்களில் அடிக்கடி சமோவார் என்று ஒன்று வரும். அது என்னவென்று தெரியாமல், எங்கள் ஊர் டீக்கடை பாய்லரையே பிரபுக்களின் வீடுகளில் தூக்கி வைத்திருந்தோம்.

1987 ஆடி மாதம். அந்த வாரம் நான் எடுத்திருந்த புத்தகத்தின் முன்னுரையில் ஒரு விஷயம் இருந்தது. அதைப் பற்றி ரோடு முழுக்கப் பேசிக்கொண்டு வந்தோம்.

"ஒரு கொலைகாரன் ஒன்னத் தொரத்திட்டு வர்றான். நீ எங்க வீட்டுல ஒளிஞ்சிருக்க. 'உள்ள இருக்காளா'ன்னு என்னக் கேக்குறான். அப்பவும் நான் பொய் சொல்லக் கூடாதாம்" என்றேன்.

"யாரு சொன்னது?"

"ஜெர்மனியில ஒரு தத்துவஞானி. ஆளாளுக்குப் பொய் சொல்ல ஆரம்பிச்சா அப்பறம் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருக்காதாம்."

"அந்தாளுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"ஆகலைபோல."

"அதான பாத்தேன்."

நான் விடவில்லை. இங்கிலாந்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது, ரொம்பப் பேருக்கு எது நல்லதோ அதுதான் சரி என்பது அவர்கள் கட்சி என்றேன். முருகலட்சுமி விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

"அப்ப எங்கய்யா சொல்றதுதான்டி சரி. நான் பாண்டீஸ்வரனக் கட்டிக்கிட்டா எங்கய்யாவுக்கு நல்லது, அத்தைக்கு நல்லது, மாமாவுக்கு நல்லது, பாண்டீஸ்வரனுக்கு ரொம்ப நல்லது. நாலு பேரு ஆச்சுல்ல. நான் ஒருத்திதான?"

அவளுடைய அய்யா உக்கிரபாண்டி மாமா, தன் தங்கை மகனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார். ஆவணி முதல் வாரத்தில் கல்யாணம். அதே வாரம் மதுரையில் நர்ஸ் படிப்புக்குச் சேரச் சொல்லி அவளுக்குக் கார்டு வந்திருந்தது. வீட்டுக்கு வந்தால் கிழிபட்டுவிடும் என்று எங்கள் அப்பாவின் மளிகைக்கடை முகவரிக்கு வரவழைத்திருந்தோம். கார்டு என் நாவலுக்குள் இருந்தது. அதில் போட்டிருந்த தேதிக்கு இன்னும் ஐந்து நாள்.

ஐந்தாம் நாள் விடிகாலையில் அவளை ரோடு வரை கொண்டுவிட்டேன். கையில் ஒரு மஞ்சள் பை மட்டும். முதல் பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக, "அந்த நாவல் முடிவு என்னன்னு எழுதுடி" என்றாள். இன்னும் இருநூறு பக்கம் பாக்கியிருந்தது. எழுதுகிறேன் என்றேன்.

பத்து மணிக்கு உக்கிரபாண்டி மாமா கடைக்கு வந்தார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு, "தாயி, முருகு எங்கன்னு ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் அப்பா, "எம்மகளுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"இருங்க அண்ணாச்சி. வடிவு பொய் சொல்லாது. படிக்கிற புள்ள. கோயில்ல வந்து சூடத்த அணைச்சுச் சொல்லட்டும். அதுக்கப்பறம் நான் கேக்க மாட்டேன்."

எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். காணாமல் போன ஆட்டுக்கும், நகர்ந்துபோன வரப்புக் கல்லுக்கும், மாரியம்மன் முன்னால் சூடம் ஏற்றி, எரியும்போதே உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வார்கள். சூடம் அணைந்துவிட்டால் பேச்சும் முடிந்தது. அப்புறம் அதைப் பற்றி ஒருத்தரும் கேட்கக் கூடாது. பொய்ச்சத்தியம் செய்தவர்களை அம்மன் பார்த்துக்கொள்வாள்.

கோயிலில் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். பூசாரி இருளப்பசாமி ஒரு கல்லின் மேல் சூடத்தை வைத்து ஏற்றினார். வெயிலில் அந்தச் சுடர் இருப்பதே தெரியவில்லை. மேலே காற்று நடுங்குவது மட்டும் தெரிந்தது.

எனக்குச் சாமி நம்பிக்கை போய் ஒரு வருடமாகியிருந்தது. பெருமையாக முருகலட்சுமியிடம் சொல்லியும் இருந்தேன். எனவே கையை வைத்துத் தெரியாது என்று சொல்வதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சொல்லாவிட்டால் அவளுக்கு எல்லாமே போய்விடும். அவள் மதுரை போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். அத்தனை பேரும் வேன் பிடித்துக்கொண்டு போய் இழுத்து வந்துவிடுவார்கள்.

கை போகவில்லை.

அந்த ஜெர்மனிக்காரரை நினைத்துத்தான் நின்றேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. பொய்ச்சத்தியம் செய்தால் கண் அவிந்துபோகும் என்று சின்ன வயதில் கேட்டது நினைவுக்கு வந்தது. கூடவே அந்த இருநூறு பக்கமும். கண் போய்விட்டால் அந்த நாவலின் முடிவு எனக்குத் தெரியாமலே போய்விடும் என்று நினைத்தேன். என் சிநேகிதியின் வாழ்க்கை எரிந்துகொண்டிருந்தபோது எனக்கு அதுதான் தோன்றியது.

"என்ன தாயி, யோசிக்கிற?" என்றார் மாமா. அவர் குரல் மாறத் தொடங்கியிருந்தது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு கருத்தம்மாள் அத்தை வந்தார். முருகலட்சுமியின் அம்மா. பருத்திக்காட்டிலிருந்து அப்படியே வந்திருந்தார். சேலையில் பஞ்சும் சருகும் ஒட்டியிருந்தன.

"ஊரான் வீட்டுப் புள்ளைய எதுக்கு அணைக்கச் சொல்றீக? பெத்தவ நான் செத்தா போயிட்டேன்?"

சொன்ன வேகத்தில் அவருடைய வலது கை சூடத்தின் மேல் விழுந்தது. அணைத்த பிறகும் எடுக்கவில்லை. கல்லோடு அழுத்திக்கொண்டே சொன்னார்: "எம்மக போன எடம் எனக்கும் தெரியாது, இந்தப் புள்ளைக்கும் தெரியாது. பொய்யின்னா எங்கண்ணு ரெண்டும் அவிஞ்சு போகட்டும்."

கூட்டம் கலைந்தது. உக்கிரபாண்டி மாமா தங்கை ஊரில் விசாரிக்கலாம் என்று நேர் எதிர்த்திசையில் பஸ் ஏறினார்.

அன்று மத்தியானம் கடைக்கு உப்பு வாங்க வந்த அத்தையிடம், "ஒங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டேன் அத்தை" என்று முணுமுணுத்தேன்.

"பின்கதவுக்குக் கொண்டி போடாம வச்சது யாருன்னு நெனச்ச? காத்தா?" என்றார். உள்ளங்கையின் நடுவில் எட்டணா அகலத்துக்குக் கொப்புளித்திருந்தது.

"அப்ப, பொய்ச்சத்தியமா?"

"தப்புத்தான். தப்பில்லைன்னு யாரு சொன்னா? சும்மா நின்னிருந்தா அது அதவிடத் தப்பு. அதுக்குத்தான கண்ணக் குடுத்துட்டு வந்திருக்கேன்." உப்பை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

கடைசி அலமாரியில் இருந்த எல்லாப் புத்தகங்களையும் பிறகு படித்து முடித்தேன். தப்பைச் சரி என்று மாற்றிக்கொள்ளாமல், தப்பு என்று தெரிந்தே செய்துவிட்டு, கூலியையும் அங்கேயே எடுத்து வைத்துவிட்டுப் போகிற ஆளை அந்த முன்னுரைக்காரர் எந்தக் கட்சியில் சேர்ப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. நாவலின் முடிவை முருகலட்சுமிக்கு எழுதினேன். கோயிலில் நடந்ததை எழுதவில்லை. எழுதக் கூடாது என்று அத்தை சொல்லியிருந்தார்.

காலம் எல்லாவற்றையும் ஒருவாறு ஓரமாக நகர்த்தி வைத்தது. பாண்டீஸ்வரனுக்கு வேறு இடத்தில் முடிந்தது. முருகலட்சுமி படிப்பை முடித்து, தஞ்சாவூர்ப் பக்கம் அரசு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டாள். ஆறு வருடம் பேசாதிருந்த உக்கிரபாண்டி மாமா, முதல் பேத்தி பிறந்ததும் ஒரு மூட்டை வத்தலோடு போய் இறங்கினார். நான் பாளையம்பட்டியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சரானேன். டவுன்பஸ்ஸில் படித்துக்கொண்டே போவேன். பள்ளத்தில் திருப்பிவிட ஆள் இல்லாததால் இரண்டு முறை ஸ்டாப்பைத் தாண்டியிருக்கிறேன்.

1995இல், பங்குனி வெயிலில், உக்கிரபாண்டி மாமா மறுபடியும் கடைக்கு வந்தார்.

"ஒங்க அத்தைக்கு ரெண்டு கண்ணும் பொரை விழுந்துருச்சு தாயி. அடுப்புன்னு நெனச்சுத் தொட்டிக்குள்ள தீக்குச்சியப் போடுறா. அருப்புக்கோட்டையில கண்ணு முகாம் போட்டிருக்கான், மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி ஆபரேசன் பண்ணி விட்டுர்றான். வர மாட்டேங்குறா. நான் சொன்னாலும் கேக்கல, முருகு எழுதியும் கேக்கல. நீ சொல்லிப் பாரு."

அவருக்குக் காரணம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

அத்தை முற்றத்தில் தடவித் தடவிக் கொத்தமல்லி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என் காலடிச் சத்தத்திலேயே, "வா வடிவு" என்றார். கருவிழிகளில் மோர் தெளித்த மாதிரி இருந்தது.

"ஒன்ன அனுப்பிட்டாரா மாமா? போயி வேலையப் பாரு. ஆத்தா எடுத்துக்கிட்டா. எட்டு வருசம் விட்டு வச்சாளே, அதுவே பெருசு."

"அத்தை, இது வயசானா வர்றது. இந்தத் தெருவுலயே பத்துப் பேருக்குப் பொரை இருக்கு. அவுகல்லாம் பொய்ச்சத்தியமா பண்ணுனாக?"

"அவுக என்ன பண்ணுனாகன்னு யாரு கண்டா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு குரலைத் தணித்தார். "வெளையாட்டு இல்ல வடிவு. நான் குடுத்தது அவட்ட போயிருச்சு. டாக்டர் கத்திய வச்சு அதத் திருப்பி வாங்குனா, அவ சும்மா இருப்பாளா? முருகு வயித்துல இப்ப ஏழு மாசம். ஆத்தா என்ன விட்டுட்டு அங்க போயிருவா. நான் குருடாவே இருந்துட்டுப் போறேன். பாக்க வேண்டியதெல்லாம் பாத்துட்டேன்."

அவருடைய கணக்கில் ஒரு தவறும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் நம்பாத ஒன்றிலிருந்து தொடங்கி, நேராக நடந்து, நான் தாங்கமுடியாத ஓர் இடத்துக்கு வந்து நின்றிருந்தார். பூசாரியிடம் பரிகாரம் கேட்டேன் என்று கதை கட்டலாமா என்று யோசித்தேன். எட்டு வருடமாகப் பொய்க்குக் கூலி கொடுத்துக்கொண்டிருப்பவரிடம் போய் இன்னொரு பொய்.

"எந்திரிங்க அத்தை, கோயிலுக்குப் போவோம்" என்றேன்.

"இந்த வெயில்லயா?"

"அன்னைக்கும் வெயிலுதான்."

அதே கல். சூடத்தை நானே ஏற்றினேன். சுற்றிலும் யாருமில்லை.

"அன்னைக்கு மாமா கேட்டது என்னைய. அணைக்க வேண்டியது என் கை. நீங்க நடுவுல வந்துட்டீக. இந்தப் பொய் என்னோடது. இதுக்கு என்ன கூலியோ, அது என் கண்ணுக்கு வரட்டும். முருகுக்கும் போகக் கூடாது, அவ புள்ளைக்கும் போகக் கூடாது." கையை வைத்து அழுத்தினேன்.

நம்பிச் செய்தாயா என்று இப்போது கேட்டால், மற்ற நேரங்களில், பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதெல்லாம், நம்புவதில்லை என்பேன். சூடத்தின் மேல் கை இருந்த அந்த நேரத்தில் நம்பினேன். வலி உச்சிக்கு ஏறியது. படிக்காத புத்தகங்களெல்லாம் வரிசையாக எழுந்து நின்றன. இந்த முறை அவற்றை நிற்கவிட்டேன்.

அத்தை என் கையைத் தேடிப் பிடித்தார். கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "அடிப்பாவி, நெசமாவே அணைச்சுட்டியே. கல்யாணம் ஆகாத புள்ள. கண்ணு போச்சுன்னா எவன்டி கட்டுவான்?" என்று திட்டிக்கொண்டே அழுதார். கோயில் வாசலைத் தாண்டும்போது, "முகாமு என்னைக்குன்ன?" என்று கேட்டார்.

மதுரை ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு கண்ணுக்குச் செய்தார்கள். கட்டுப் பிரிக்கிற அன்று நான் லீவு போட்டுக் கூட இருந்தேன். உக்கிரபாண்டி மாமா காப்பி வாங்கப் போயிருந்தார். நர்ஸ் பஞ்சை எடுத்துவிட்டு, "மெதுவாத் திறங்க பாட்டி" என்றாள்.

அத்தை கண்ணைத் திறந்தார். கண்ணீராக வழிந்தது. துடைத்தார்கள். ஜன்னலைப் பார்ப்பார், தன் கையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். நேராக என்னைப் பார்த்தார். என் முகத்தை இல்லை, கண்களை.

"அந்தா, எதுத்தாப்புல போர்டு இருக்கே, அதுல என்ன போட்டிருக்கான்? வாசி."

"'அமைதி காக்கவும்'னு போட்டிருக்கு அத்தை."

"அது பெரிய எழுத்து, கழுதைக்குக்கூடத் தெரியும். அதுக்குக் கீழ எறும்பு ஊர்ற மாதிரி இருக்கே. அத வாசி."

எழுத்தறியாத அவருக்கு அந்தப் பொடி எழுத்துகள் தெரிகின்றன என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"ஏன் பேசாம இருக்க? தெரியலையா?" அவர் குரல் பதறியது.

"தெரியுது அத்தை. 'பார்வையாளர் நேரம் மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை.'"

அவருக்குத் திருப்தியாகவில்லை. எட்டி என் முகத்தைப் பிடித்தார். உள்ளங்கை நடுவில் எட்டணா அளவுக்குப் பளபளவென்றிருந்த தழும்போடு அந்த வலது கை என் இடது கண்ணை மூடியது.

"இப்ப இந்தக் கண்ணால வாசி."

வாசித்தேன். கையை மாற்றி மறு கண்ணை மூடினார்.

"இப்ப இது."

நான் மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.